இது முன்பு என்ன வேலை பார்த்தது?

காயலான் கடையில் இரும்புக்கு இரண்டு மூன்று விலைதான் இருக்கும். வார்ப்பிரும்புக்கு ஒன்று, கம்பிக்கும் பட்டைக்கும் ஒன்று, தகரத்துக்கு ஒன்று. அதற்கு மேல் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையும் கட்டட வேலையில் மிஞ்சிய கம்பியும் ஒரே குவியலில் கிடக்கும், ஒரே தராசில் ஏறும், ஒரே விலைக்குப் போகும். பழைய இரும்பை வைத்துப் பொழுதுபோக்காக எதையாவது செய்ய ஆசைப்படுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சென்னைக்காரர் என்றால் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். பிரித்துப் போட்ட வண்டிகளின் அச்சும் கியரும் பேரிங்கும் கடை வாசல் வரை வழிந்து கிடக்கும்.

அந்தக் குவியலின் முன் புதிதாக நிற்கிறவர், “இதை வைத்து என்ன செய்யலாம்?” என்றுதான் யோசிப்பார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. “இது இதற்கு முன்பு என்ன வேலை பார்த்தது?” இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை அடிக்கலாம், எதைக் காய்ச்சலாம், எதை வெட்டக்கூடாது, எதைத் தொடவே கூடாது என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

எஃகு என்பது இரும்போடு கொஞ்சம் கரி சேர்ந்தது. கரியின் அளவுதான் அதன் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நூற்றில் கால் பங்குக்கும் குறைவாகக் கரி இருந்தால், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அது பெரிதாகக் கடினப்படாது. கேட், ஜன்னல் கிராதி, ஆங்கிள், பட்டை எல்லாம் இந்த வகை. வளைக்கலாம், துளையிடலாம், வெல்டிங் வைக்கலாம், ஆனால் முனை நிற்காது. கரி அரை சதவீதத்துக்கு மேலே போனால் துவைச்சலுக்கு, அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதற்கு, நன்றாக வசப்படும். இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் அது வார்ப்பிரும்பு. அச்சில் ஊற்ற அருமையானது, சம்மட்டியால் அடித்தால் உடையும்.

எந்தப் பாகத்தில் கரி எவ்வளவு என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. ஆனால் அந்தப் பாகத்தை வடிவமைத்த பொறியாளர் அதன் வேலைக்கு ஏற்றபடிதான் எஃகைத் தேர்ந்தெடுத்திருப்பார். லாரிப் பட்டை ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து நிமிர வேண்டும். அதனால் அதில் அரை சதவீதத்துக்குச் சற்று மேலே கரியும், கூடவே சிலிக்கனோ மாங்கனீசோ குரோமியமோ இருக்கும். நம் ஊர்க் கொல்லுப் பட்டறைகளில் அரிவாளுக்கும் வெட்டுக்கத்திக்கும் லாரிப் பட்டையைத் தேடிப் பிடிப்பதன் காரணம் இதுதான். நல்ல அரம் மற்ற இரும்பை அராவ வேண்டியது, அதில் கரி ஒரு சதவீதத்தைத் தாண்டும். பேரிங் வளையத்தில் சுமார் ஒரு சதவீதம் கரியும் ஒன்றரை சதவீதம் குரோமியமும். வண்டி அச்சு முறுக்கையும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும், அதனால் நடுத்தரக் கரி. சுத்தியல் செய்ய அது பொருத்தம்.

கட்டடக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கும் கிடைக்கிறது, புதியவர் கை முதலில் அதன் மேல்தான் போகிறது. டிஎம்டி கம்பியைச் சூடாக உருட்டி வந்த கையோடு அதன் மேல் தண்ணீர் பீய்ச்சி, மேல்தோலை மட்டும் கடினமாக்குகிறார்கள். உள்ளே மென்மையான இரும்பு. கரி அதிகபட்சம் 0.3 சதவீதம். அதை உலையில் வைத்துப் பழுக்க விட்ட நொடியில் அந்த மேல்தோலின் பலமும் போய்விடும். அதில் கத்தி செய்யலாம் என்று சொல்லிக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. வடிவம் கத்தியைப் போல இருக்கும், தேங்காய் நார் உரிப்பதற்குள் முனை மடங்கும். கொக்கி, இடுக்கியின் கைப்பிடி, அடுப்புக்குக் கிளறுகோல் என்று செய்யுங்கள், அது மகிழ்ச்சியாகச் செய்து தரும்.

வேலை தெரியாத துண்டு கையில் கிடைத்தால் கிரைண்டரிடம் கேட்கலாம். ஓடுகிற சாணைக்கல்லில் மெல்லத் தொட்டால் பறக்கும் பொறி, கரியின் கணக்கைச் சொல்லிவிடும். தீபாவளிக் கம்பி மத்தாப்பில் பூப்பூவாய்ச் சிதறுவதும் இரும்புத் துகள்தான், காற்றில் எரிகிற இரும்பு. சாணையில் உரசிப் பறக்கும் துகள் காற்றிலேயே எரியும்போது அதனுள் இருக்கும் கரியும் எரிந்து வாயுவாகி, துகளை உள்ளிருந்து வெடிக்க வைக்கிறது. அதனால் கரி குறைந்த இரும்பில் பொறி நீளமாக, மஞ்சளாக, கிளை பிரியாமல் போகும். ஸ்பிரிங் பட்டையில் நடுவழியில் கிளைகள் விரியும். அரத்தில் கல்லை விட்டுப் புறப்பட்டதுமே புதர் போல வெடித்துச் சிதறும். வார்ப்பிரும்பில் கரி அதிகம் இருந்தும் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக வந்து நுனியில் மட்டும் பூக்கும். டிரில் பிட் செய்யும் ஹைஸ்பீடு எஃகில் மங்கிய சிவப்புக் கோடுகள் மட்டும், வெடிப்பு ஏறக்குறைய இல்லை. தெரிந்த துண்டுகள் நாலைந்தை ஒரு கம்பியில் கோத்துப் பட்டறையில் மாட்டி வையுங்கள். தெரியாததை உரசிய உடனே தெரிந்ததையும் உரசி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. வெயிலில் பார்க்காதீர்கள், நிழலில், கருப்புப் பின்னணியில் பாருங்கள். கண்ணாடி போடாமல் எதையும் உரச வேண்டாம்.

இனி, தொடக்கூடாதவை. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாகப்பூச்சுக் குழாயும் தகடும் சாம்பல் நிறத்தில், மேலே பூப்போட்டது போல மின்னும். அதைப் பழுக்கக் காய்ச்சினால் நாகம் ஆவியாகி வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் மாதிரி வந்து படுக்க வைக்கும். வெல்டிங்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குரோம் பூசியதையும் அப்படியே ஒதுக்குங்கள். வண்டியின் ஷாக் அப்சார்பரின் தண்டு அழகாகப் பளபளக்கும், ஆனால் பலவற்றின் உள்ளே அழுத்திய வாயு இருக்கிறது. மூடிய உருளை எதையும் வெட்டவோ சுடவோ கூடாது. பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம் ஆகியவை காலியாக இருந்தாலும் ஆவி மிச்சம் இருக்கும், அந்த ஆவிதான் வெடிக்கிறது. பழைய இயந்திரங்களின் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

தண்டவாளத் துண்டைப் பற்றியும் கேட்பீர்கள். நல்ல பட்டறைக்கல் ஆகும், உண்மைதான். ஆனால் அது ரயில்வேயின் சொத்து. 1966-ஆம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டப்படி, முறையற்ற வழியில் வந்ததைக் கையில் வைத்திருப்பதே குற்றம். ஏலத்தில் எடுத்ததற்கான காகிதம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு தடித்த பழைய அச்சையோ கனத்த இரும்புக் கட்டியையோ பட்டறைக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? அமெரிக்காவின் டேவிட் ஜிஞ்செரி என்பவர் 1980-களில் புத்தகத் தொடர் ஒன்று எழுதினார். கரி அடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி, மணலில் வார்த்து, முதலில் ஒரு லேத்தைச் செய்வது, பிறகு அந்த லேத்தை வைத்தே மற்ற இயந்திரங்களைச் செய்வது என்று படிப்படியாக ஒரு முழுப் பட்டறையையே காயலான் கடைச் சாமானில் எழுப்பும் வழி அது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடுவதால் வீட்டு அளவிலான அடுப்பு போதும். அவருடைய துணிச்சலை நான் மனமாரப் போற்றுகிறேன். என்றாலும் முதல் வேலையாக உருக்கும் அடுப்பில் இறங்க வேண்டாம் என்பேன். முதலில் ஒரு பழைய வைஸை மீட்டெடுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்யப்போகும் எல்லாவற்றையும் அதுதான் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வைஸ் வாங்கும்போது துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விரிசலைப் பார்த்துப் பயப்படுங்கள். பெரும்பாலான வைஸ்களின் உடல் வார்ப்பிரும்பு. முன்தாடை ஓடும் வாய்க்காலின் மூலைகளிலும், மேசையில் முடுக்கும் போல்ட்டுத் துளைகளைச் சுற்றியும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைப்பதற்கு முன்சூடும் நிக்கல் ராடும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவைக்கும் பொறுமையும் வேண்டும், தொடக்கக்காரருக்கு அது வேண்டாத பாரம். கைப்பிடி வளைந்திருந்தால் பரவாயில்லை. தாடைத் தகடு தேய்ந்திருந்தால் மாற்றலாம். முக்கியமானது திருகும் அதன் நட்டும். கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கால் சுற்று வெறுமனே ஓடினால் நட்டு தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதையும் லேத்துக் கடையில் கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து தருவார்கள், ஆனால் வைஸின் விலையைவிடக் கூலி கூடிவிடலாம். ஷெஃபீல்டில் செய்த பழைய ‘ரெக்கார்டு’ பிராண்டு வைஸ் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். ஜலந்தரில் செய்த பழைய வைஸ்களிலும் நல்லவை நிறைய உண்டு.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் சிக்கல், எதுவும் அசையாது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. மரைக்குள் அத்தனை துருவுக்கு இடம் கிடையாது, அதனால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பலம் போட்டுத் திருப்பினால் திருகு முறியும். மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு ஊறவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊற்றும் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது இன்னும் ஆழமாக இறங்கும், ஆனால் அது சட்டென்று தீப்பிடிக்கும், அதை விட்ட நாளில் நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று விட்டு, ஒவ்வொரு முறையும் பித்தளைத் துண்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே நுழைகிறது. முடுக்கப் பார்த்துவிட்டுத் தளர்த்தப் பாருங்கள், இரண்டு பக்கமும் இம்மியளவு ஆடினால் போதும், மறுநாள் கூடுதலாக ஆடும். தாடைத் தகட்டின் திருகாணித் தலை மழுங்கிவிட்டதென்றால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து நடுவில் வெல்டிங் போடுங்கள். பிடிப்பதற்குப் புதுத் தலையும் கிடைத்துவிடும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் துருவையும் உடைத்துவிடும்.

பிரித்த பிறகு துருவை எடுக்க வேண்டும். கிரைண்டரில் கம்பிப் பிரஷைப் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. வேகமாக முடியும், ஆனால் குழிக்குள் இருக்கும் துரு அப்படியே இருக்கும், பிரஷ் கம்பி தெறித்துக் கண்ணுக்கும் கைக்கும் ஆபத்து. எனக்குப் பிடித்தது மின்சாரத் தொட்டி. நல்ல இரும்பை அது அநேகமாகத் தொடுவதே இல்லை, துருவை மட்டும் கழற்றுகிறது.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரையுங்கள். உப்பு போடக் கூடாது, போட்டால் குளோரின் வாயு வரும். வைஸ் பாகத்தைக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையை அதில் இணையுங்கள். வாளியின் ஓரத்தில் சுற்றிலும் சாதாரண இரும்புப் பட்டைகளை நிறுத்தி, நேர்முனையை அவற்றில் இணையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனை மாறினால் நீங்கள் காப்பாற்ற நினைத்ததே கரையும், இணைப்பதற்கு முன் இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓரப் பட்டைக்கு எவர்சில்வர் ஒருபோதும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கும் வடிவத்தில் தண்ணீரில் சேரும். அழுக்காகாமல் இருக்கிறதே என்று எவர்சில்வர் கரண்டியைப் போடச் சொல்லும் யோசனைகளை நம்ப வேண்டாம்.

மின்சாரம் பாயத் தொடங்கியதும் வைஸ் பாகத்தின் மேல் நுண்ணிய குமிழிகள் கிளம்பும். அது ஹைட்ரஜன், எரியக்கூடியது. அதனால் இந்த வேலை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ நடக்க வேண்டும், பூட்டிய அறையில் கூடாது. சிவந்த துரு இளகிக் கறுப்பு மசியாக மாறும். ஓர் இரவு விட்டு, மின்சாரத்தை நிறுத்திவிட்டு எடுத்து, பழைய பல்துலக்கியாலும் பிரஷாலும் தேய்த்துக் கழுவினால், அத்தனை வருடத் துருவுக்கு அடியில் தொழிற்சாலையில் கடைந்த கோடுகள்கூடத் தெரியும். வார்ப்பில் எழுந்து நிற்கும் எழுத்துகள், அளவு எண், ஊர்ப் பெயர் எல்லாம் வெளியே வரும். இதைப் பார்க்கும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் ரசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. ஈரமான வெறும் இரும்பு கண் முன்னே பழுப்பேறும். உடனே துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காய வைத்து, உராயும் இடங்களில் எண்ணெய் தடவி, மற்ற இடங்களில் பிரைமர் அடித்துவிடுங்கள். திருகுக்கு கிரீஸ். தேய்மானத்தின் தழும்புகளை நிரப்பிப் பூசி மினுக்க வேண்டாம் என்பது என் கருத்து. பளபளப்பு வேண்டுமென்றால் புதியதே வாங்கியிருக்கலாமே.

ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங், உளி போன்ற கடினமாக்கிய எஃகை இந்தத் தொட்டியில் போடாதீர்கள். ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி செய்துவிடக்கூடும். அவற்றுக்கு எண்ணெயும் எமரித் தாளும் போதும். பார்த்தீர்களா, துரு எடுப்பதில்கூட அது பார்த்த வேலையைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

வைஸ் மேசையில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து, ஸ்பிரிங் பட்டைத் துண்டிலிருந்து இரும்பு வெட்டும் ஓர் உளி.

பட்டையின் வரலாறு இங்கேதான் முக்கியம். வண்டியில் ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்திருக்கலாம். அடித்து வடிவம் கொடுத்து, துவைச்சல் போடும் நேரத்தில் அது இரண்டாகப் பிளக்கும். ரயில்வே பட்டறைகளில் அந்தக் காலத்தில் செய்துவந்த எளிய சோதனை ஒன்று உண்டு. பட்டையைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, எடுத்துத் துடைத்து, மேலே சுண்ணக்கட்டித் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடாகக் காட்டிக்கொடுக்கும். அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு, பட்டையின் வேறு பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். நடுவில் போல்ட்டு போகும் துளையைச் சுற்றியுள்ள பகுதியை நான் எடுக்கவே மாட்டேன்.

பட்டை அப்படியே ரம்பத்துக்கு அடங்காது. உலையில் ஆரஞ்சுச் சிவப்பாகக் காய்ச்சி, உமிச் சாம்பலுக்குள் புதைத்து விடியும் வரை விடுங்கள். மெல்ல ஆறியதில் எஃகு இளகி, ஆக்ஸா பிளேடுக்கும் அரத்துக்கும் வழிவிடும். வடிவமெல்லாம் இந்த நிலையில்தான். முனையை ஊசியாக்கிவிடாமல் சற்றுத் தடிப்பாக விடுங்கள். மெல்லிய முனை துவைச்சலில் வெடிக்கும்.

துவைச்சலுக்கு எவ்வளவு சூடு? அனுபவசாலி நிறத்தை வைத்துச் சொல்வார். நமக்கு ஒரு காந்தம் போதும். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். நீளமான கம்பியில் கட்டிய காந்தத்தால் தொட்டுப் பார்த்து, ஒட்டுவது நின்றதும் இன்னும் ஒரு சாயல் சூடேற்றி, முனையை எண்ணெயில் நேராக இறக்குங்கள். தண்ணீர் வேண்டாம், இந்த எஃகுக்கு அது மிக வேகம், விரிசல் விடும். கடலை எண்ணெயை 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் நன்றாக ஓடுவதால் எஃகைச் சீராகக் குளிர்விக்கும். பழைய என்ஜின் ஆயில் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. பாத்திரம் இரும்பாக இருக்க வேண்டும், மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டால் அணையும், தண்ணீர் ஊற்றினால் வீடே பிடிக்கும்.

ஆறியதும் அரத்தை முனையில் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் ஓட்டியது போல வழுக்கினால் துவைச்சல் ஏறியிருக்கிறது. ஆனால் இப்போது அடித்தால் முனை தெறிக்கும், அவ்வளவு நொறுங்கும் தன்மை. கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்க வேண்டும், பதம் பார்ப்பது என்பது இதுதான். முனையை எமரித் தாளில் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் மெல்லச் சூடாக்குங்கள். சூடு முனையை நோக்கி நகர நகர வெள்ளை இரும்பின் மேல் நிறங்கள் ஓடும். முதலில் இளம் வைக்கோல் மஞ்சள், அது 200 டிகிரிக்குச் சற்று மேலே. பிறகு பழுப்பு, 280-ஐ ஒட்டி ஊதா, 300-ஐ நெருங்கும்போது நீலம். மேலே படியும் ஆக்சைடு படலத்தின் தடிமன் கூடக் கூட ஒளி அப்படி மாறித் தெரிகிறது. இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா முனைக்கு வந்த கணத்தில் தண்ணீரில் வைத்து நிறுத்துங்கள். சுத்தியல் விழும் தலைப்பக்கத்துக்குத் துவைச்சல் கூடவே கூடாது. கடினமான தலை அடிக்கும்போது சில்லாகப் பறந்து கண்ணில் பாயும்.

சாணை பிடித்து முனை வைத்ததும், மீட்டெடுத்த வைஸில் ஒரு மென்மையான ஆங்கிள் துண்டைக் கவ்வவிட்டு வெட்டிப் பாருங்கள். முனை பல்லுப் பல்லாகத் தெறித்தால் பதம் போதவில்லை, மறுபடி தேய்த்து இன்னும் நீலத்தை ஒட்டி இறக்குங்கள். முனை மடங்கினால் துவைச்சலே சரியாக ஏறவில்லை, அல்லது நிறம் முனையைத் தாண்டி ஓடிவிட்டது, திரும்ப உலையிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு முறை துவைச்சல் போட்டும் அரம் கடித்துக்கொண்டே இருந்தால், அந்தத் துண்டு ஸ்பிரிங் பட்டையாகவே இருந்திருக்காது. சாணையில் உரசிப் பொறியைப் பாருங்கள், கிளை பிரியாமல் நீளமாகப் போகும். ஏதோ சேஸிஸ் பட்டையாக இருந்திருக்கும். அதைக் கொக்கிக்கு ஒதுக்கிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காயலான் கடையில் வளைவு தெரிகிற துண்டாகப் பார்த்து எடுங்கள். நடுவில் போல்ட்டுத் துளையோ நுனியில் சுருண்ட காதோ இருந்தால் அது வண்டியைத் தாங்கிய பட்டைதான்.